ஒரு மகனைச் சொல்லி இரண்டு பேருக்கு மறுத்தோம்

எனக்கு இரண்டு மகன்கள். இருவரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மூத்தவன் கோயம்புத்தூரில் வீடு கட்டிவிட்டான், இளையவன் மனை பார்த்துக்கொண்டிருக்கிறான். இருந்தும் மாதம் பிறந்தால் அரசாங்கம் எனக்கு ஓய்வூதியம் போடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறேன். நாற்காலி போடுகிறார்கள், ஃபேனை என் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். "ஐயாவுக்கு மகன் உண்டா?" என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சும்மா விடமாட்டேன். வேலை பார்த்ததற்கு வாங்குகிறேன், என் மகனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மேஜையைத் தட்டிவிடுவேன்.

அந்தக் கேள்வியைத்தான் நான் பல வருஷம் மற்றவர்களிடம் கேட்டேன். பருத்தி எடுத்தே முதுகு வளைந்தவர்களிடம், கல் சுமந்து இடுப்பு போனவர்களிடம், வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி சுற்றிச் சுற்றி விரல் மடங்காமல் போனவர்களிடம் கேட்டேன். அவர்களும் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பதற்குப் பெயர் ஓய்வூதியம் இல்லை, உதவித்தொகை. உதவி என்று சொல்லிவிட்டால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் போலிருக்கிறது.

சென்ற மாதம் பழைய அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த விழாவுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே உதவியாளராக இருக்கும் ஒரு பெண் எனக்கு கேசரி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் இல்லாம எப்பிடிச் சமாளிச்சிய? இப்பல்லாம் ஒரே ஆளு ரெண்டு எடத்துல வந்தா மிஷினே காட்டிக் குடுத்துரும்" என்றாள். எங்கள் காலத்திலும் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தான் அம்மா, அவன் வாங்க வரவில்லை, அவனை வைத்து நாங்கள்தான் மறுத்தோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் விளக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரையும் அதிகாரியின் பெயரையும் எழுதப்போவதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்றால் போதும். தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் தபால் பிரிவில் உறைக்கு முத்திரை குத்தினேன். சில மாதம் சங்கிலி பிடித்து நிலம் அளக்கப் பழகினேன். எண்பதுகளின் நடுவில் என்னைச் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் உட்கார வைத்தார்கள். முதியோர், விதவை, கைவிடப்பட்ட பெண்கள், ஊனமுற்றோர் எல்லோருடைய மனுவும் என் மேஜைக்குத்தான் வரும்.

வேலை இப்படி நடக்கும். மனு வந்ததும் எண் போட்டு அந்தந்த ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்புவேன். அவர் போய்ப் பார்த்து ஒரு படிவத்தில் எழுதுவார்: வயது, சொத்து, வருமானம், கடைசியில் "ஆதரவளிக்கக்கூடிய வயது வந்த மகன் அல்லது பேரன் உண்டா?" அந்தக் கடைசிக் கட்டத்தில் "உண்டு" என்று இருந்துவிட்டால் மேலே உள்ள எதையும் நாங்கள் படிக்கமாட்டோம். மகன் குடிகாரனா, சிறையில் இருக்கிறானா, அவனுக்கே சோறு இருக்கிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. மகள் நான்கு பேர் இருந்தாலும் கணக்கில்லை, மகன் ஒருத்தன் எங்கோ இருந்தால் போதும். மறுப்புக் கடிதம் சைக்ளோஸ்டைல் போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கும். அதில் மூன்று காரணம் அச்சாகியிருக்கும். வேண்டாத இரண்டை அடித்துவிட்டுப் பெயரை நிரப்பினால் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது கூட அடித்திருக்கிறேன், கை வலித்ததே தவிர வேறெதுவும் வலிக்கவில்லை.

கோப்புகளை ஊர்வாரியாகக் கட்டி வைப்போம். ஒரு ஊர்க் கட்டு மேஜைக்கு வந்தால் அடுத்த ஊர்க் கட்டு அலமாரியில் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கு இதுதான் காரணம்.

எங்கள் தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்த மாதிரி மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. வயதானவர்கள் மனுவோடு வந்தால் எழுந்து நிற்பார். "உட்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொல்லி மோர் வரவழைப்பார். அவர்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, ஊர், மழை, முழங்கால் வலி எல்லாம் விசாரிப்பார். பிறகு பச்சை மையில் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அவர்கள் கும்பிட்டுவிட்டு, நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். எரிந்து விழுகிற அதிகாரிகளிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, "சரி, தொலை" என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவர் மோர் கொடுத்தார். லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர் என்பதால் அவர் மேல் புகார் சொல்லவும் வழியில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், ஒட்டுப்போட்ட காக்கிக் கால்சட்டையோடு ஒருவர் நேராக என் மேஜைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். எங்கள் அலுவலகக் கடிதங்கள் இரண்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"சார், படிக்கத் தெரியும் எனக்கு. ஆனா இது புரியல. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

முதல் கடிதம் மகாராஜபுரம் குருவம்மாளுக்கு. "தங்களுக்கு சீனிச்சாமி என்ற வயது வந்த மகன் இருப்பதால்" மனு நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டாவது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வெள்ளையம்மாளுக்கு. "தங்களுக்கு சீனிச்சாமி என்ற வயது வந்த மகன் இருப்பதால்." இரண்டிலும் பெயரை நிரப்பிய கையெழுத்து என்னுடையது. இடையில் ஐந்தாறு மாதம்.

"சீனிச்சாமி யாரு?" என்றேன்.

"நாந்தான்."

"ரெண்டு பேர்ல உங்க அம்மா யாரு?"

"அதத்தான் சார் கேக்க வந்தேன். என்னய எத்தன பேரு பெத்தான்னு கவர்மெண்டுதான் சொல்லணும்." பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்க மில்லு பூட்டி ரெண்டு வருசமாச்சு. ராஜபாளையத்துல மூடை தூக்குதேன். வீட்ல அஞ்சு உருப்படி. சம்பளம் வந்தப்ப ரெண்டு வீட்டுக்கும் அரிசி போட்டேன் சார், இல்லேங்கல. இப்ப எனக்கே நாக்கு வெளிய தள்ளுது. ஒரு ஆளக் காட்டி ஒருத்திக்கு இல்லேன்னா சரி, ரெண்டு பேருக்கும் இல்லேம்பியளா?"

சத்தம் போடாதீங்க என்று நான் அதட்டினேன். என் தப்பு என்று தெரிந்ததால் வந்த அதட்டல் அது. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி விசாரித்தேன்.

விஷயம் சாதாரணமானதுதான். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளையம்மாள் அக்கா, குருவம்மாள் தங்கை. அக்காவுக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. தங்கைக்கு இரண்டு பெண்ணுக்குப் பிறகு சீனிச்சாமி பிறந்தான். பிள்ளை தங்காத வீட்டுக்குப் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுப்பார்கள். அக்கா ஒரு மரக்கால் தவிட்டைத் தங்கையின் முந்தியில் கொட்டினாள், தங்கை பிள்ளையை அக்காவின் மடியில் போட்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு பெற்றவள் அவனை மகன் என்று கூப்பிடமாட்டாள், அவனும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது. மகாராஜபுரத்தில் விசாரித்தவர் "பெற்ற மகன் உண்டு" என்று எழுதினார். மடவார் வளாகத்தில் விசாரித்தவர் "வளர்த்த மகன் உண்டு" என்று எழுதினார். இரண்டு பேர் எழுதியதும் பொய்யில்லை. இரண்டும் வந்து சேர்ந்தது என் மேஜைக்குத்தான். நான் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டே போனேன்.

அன்று சாயந்தரமே இரண்டு கோப்புகளையும் எடுத்து ஒரே நாடாவில் கட்டினேன். இப்படிச் செய்யக் கூடாது என்பார்கள், ஆனாலும் கட்டினேன். ஒரு மகனை இரண்டு பேருக்கும் காரணமாகக் காட்டியிருக்கிறோம், ஒருவருக்காவது மறுப்பை ரத்து செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதி உள்ளே அனுப்பினேன். மறுநாள் குறிப்பின் ஓரத்தில் பச்சை மையில் "பேசுக" என்று வந்தது. அப்படி எழுதினால் நேரில் போய் நிற்க வேண்டும்.

"என்ன தம்பி, ரெண்டு கோப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கீங்க? கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்களா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தப்பு நடந்திருக்கிறது சார் என்றேன்.

"எதுல தப்பு? குருவம்மாள் பிள்ளையைக் கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"தவிட்டுக்குக் கொடுத்திருக்காங்க சார்."

"தவிட்டைக் கோப்புல வைக்க முடியுமா தம்பி? ஆதாரம் இல்லாட்டி அவன் குருவம்மாள் மகன். சரி. வெள்ளையம்மாளை அவன் வளர்ப்பு மகனா இருந்து பார்த்துக்கிட்டான்னு விசாரணையில வந்திருக்கு. விதி என்ன கேட்குது? பெத்தவனான்னு கேட்கலை, ஆதரவு இருக்கான்னு கேட்குது. அதுவும் சரி. ரெண்டு கோப்பும் தனித்தனியாச் சரியா இருக்கு. நீங்க ஒண்ணாக் கட்டினதாலதான் தப்பாத் தெரியுது."

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இன்றும் விழுங்க முடியவில்லை. ஒரு ஆள் ஒரே நேரத்தில் மகனாகவும் மகன் இல்லாமலும் எப்படி சார் இருக்க முடியும் என்று குரலை உயர்த்திவிட்டேன். மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், சீனிச்சாமி என் மகன் இல்லைன்னு வாக்குமூலம் கொடுக்கட்டும். கைரேகை வச்சு, ரெண்டு சாட்சியோட. யார் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொடுக்கிறவங்களுக்குப் போட்டுடலாம்." வாக்குமூலத்தின் வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். "சீனிச்சாமி என்பவர் என் மகன் இல்லை என்றும், அவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்."

அதை எடுத்துக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் போனேன். குருவம்மாளையும் வத்திராயிருப்பு பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தேன். ஒற்றை அறை வீடு. வெள்ளையம்மாளுக்கு எழுபதுக்கு மேல், கண் பார்வை பாதி போய்விட்டது, குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். குருவம்மாள் ஒடிசலான ஆள், அதிகம் பேசமாட்டாள். சாட்சிக்குத் தலையாரியும் பக்கத்து மளிகைக் கடைக்காரரும் வாசலில் நின்றார்கள். சீனிச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் படித்துக் காட்டினேன்.

"ஏட்டி, இவரு என்ன சொல்லுதாரு?" என்றாள் அக்கா.

"ஒருத்தி இவன் மகன் இல்லேன்னு சொல்லணுமாம். சொன்னவளுக்குப் பணம் வருமாம்" என்றாள் தங்கை.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் வெள்ளையம்மாள். "ஏய்யா, ஒங்க ஆபீஸ்ல வேற சோலியே இல்லையா? நான் மூணு புள்ளையப் பறிகுடுத்துட்டு இவன மடியில வாங்குனவ. பசியில செத்தாலும் அந்த வார்த்த என் வாயில வராது. எழுதிக்கோ, வெள்ளையம்மா மகன் சீனிச்சாமின்னு நல்லாப் பெருசா எழுதிக்கோ!"

சீனிச்சாமி எழுந்தார். "நான் எழுதித் தாரேன் சார். எனக்கு ரெண்டு பேரும் இல்லேன்னு நானே எழுதித் தாரேன். விட்ருங்க." மகன் சொன்னால் செல்லாது, தாய்தான் சொல்ல வேண்டும் என்று நான் விதியைச் சொன்னேன். எனக்கே நாக்கூசியது.

"நான் சொல்லுதேன்க்கா" என்றாள் குருவம்மாள். "தவிடு வாங்குன அன்னைக்கே சொல்லிட்டேன். பாலு கட்டி நெஞ்சு வலிச்சப்பயும் சொன்னேன். இப்ப இவரு பேப்பர்ல சொல்லுததுக்கு என்ன?" என் பக்கம் திரும்பினாள். "மகன் இல்லேன்னு போட்டுக்கோங்க. ஆனா எவ்வித ஒறவும் இல்லேன்னு வாசிச்சியளே, அது எதுக்கு? நான் அவனுக்குச் சித்தி இல்லையா? சித்தின்னாச்சும் எழுதப்படாதா?"

எழுதியிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு "சகோதரியின் மகன்" என்று நான் எழுதியிருக்கலாம். அதிகாரி அங்கீகரித்த வாசகத்தில் கை வைத்தால் கோப்பு திரும்பி வரும், திரும்பினால் இன்னும் ஆறு மாதம் போகும் என்று பயந்தேன். "இப்பிடியே இருக்கட்டும்மா, சும்மா பேப்பருக்குத்தான்" என்றேன். நான் அந்த வேலையில் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அது. அவள் இடது பெருவிரலை மைப் பெட்டியில் வைத்து உருட்டினாள். வெள்ளையம்மாள் தங்கையின் விரலைப் பிடித்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

குருவம்மாளுக்கு உதவித்தொகை உத்தரவு போனது. வெள்ளையம்மாளின் மறுப்பு அப்படியே இருந்தது. தங்கை அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள், அந்தச் சின்னத் தொகையில் இரண்டு பேரும் கஞ்சி குடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வெள்ளையம்மாள் போய்ச் சேர்ந்தாள். அரசாங்கம் கடைசி வரை அவளுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. அவள் செய்த குற்றம் தன் மகனைத் தன் மகன் என்று சொன்னது. நான் மாலையோடு போனேன். கொள்ளி வைத்தது சீனிச்சாமிதான். தாசில்தார் அதற்குள் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் அவருடைய பண்பைப் பேசினார்கள், நானும் கைதட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை வருவாய் ஆய்வாளராகப் போட்டார்கள். அந்த வருஷம் மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்களில் தகுதியில்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்த்து நீக்க வேண்டும் என்றார்கள். முன்கூட்டிச் சொல்லக் கூடாது, திடீரென்று போக வேண்டும். யாராவது கூட இருந்து சமைத்துப் போடுகிறார்களா, ஆண்பிள்ளைச் சட்டை கொடியில் தொங்குகிறதா என்றெல்லாம் பார்க்கச் சொன்னார்கள். நூல் மில் முதலாளிக்கு வரிச் சலுகை கொடுக்கும்போது இவர்கள் யார் வீட்டுக் கொடியைப் போய்ப் பார்த்தார்கள் என்று கூட்டத்திலேயே கேட்டேன். உட்காருங்க என்றார்கள், உட்கார்ந்தேன். மறுநாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மடவார் வளாகத்தில் அந்த வீட்டுக்குப் போகும்போது உச்சி வெயில். கதவு திறந்திருந்தது. குருவம்மாள் கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, வாய் கொஞ்சம் கோணியிருந்தது. சீனிச்சாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிண்ணத்தில் கஞ்சியைப் பிசைந்து, ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். என் நிழல் விழுந்ததும் திரும்பிப் பார்த்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் அக்குளில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"வாங்க சார்."

"எப்படி இருக்காங்க?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார். "நான் பக்கத்து வீடு. யாரும் இல்லாத சீவன், பாவம்னு செத்த நேரம் வந்து பாத்தேன். எனக்கு இவிய ஒண்ணும் இல்ல."

அவர் யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியவனே நான்தான். இருந்தும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி அதைச் சொன்னார். குருவம்மாள் கோணிய வாயால் கஷ்டப்பட்டுப் பேசினாள்.

"ஆமாய்யா. எனக்கு... மகன் இல்ல. இது... அடுத்த வீட்டுப் பிள்ள."

நான் வாசற்படியில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தேன். "மகன்: இல்லை. உடன் வசிப்போர்: இல்லை. படுக்கையில் உள்ளார். அண்டை வீட்டார் உதவுகின்றனர். உதவித்தொகை தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதை அவர்களுக்குப் படித்தும் காட்டினேன். சீனிச்சாமி கட்டிலை விட்டுத் தள்ளியே நின்றார்.

"அவ்வளவுதான் சீனிச்சாமி. முடிஞ்சது. நீங்க ஊட்டுங்க, கஞ்சி ஆறிப்போகும்" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க சார்" என்றார்.

"நான்தானேய்யா, எனக்கென்ன தெரியாதா? உட்காந்து ஊட்டுங்க."

"இருக்கட்டும் சார். நீங்க போங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கோயில் மதில் ஓரமாக நடந்து, திரும்பும் இடத்தில் ஒரு தடவை பார்த்தேன். உள்ளே அந்த மனுஷி பசியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று, நான் நிஜமாகவே போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.